பாதி வழியில் இறங்குகிறவள்

"நான் இங்கன எறங்கிக்கிறேன்" என்று அவள் எழுந்துவிட்டால் பஸ்ஸை நிறுத்துவதைத் தவிர யாருக்கும் வேறு வழி கிடையாது. நிறுத்தாவிட்டால் படியில் போய் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மணியை அடித்துக்கொண்டே இருப்பாள். நுவரெலியாவிலிருந்து அட்டன் போகிற அந்த மாலை பஸ்ஸின் கண்டக்டர் நல்ல மனிதர். முதல் ஒரு மாதம் அவள் இறங்க வேண்டிய ஹோல்ட் தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் இருப்பதையும், இன்னும் நானுஓயாகூட வரவில்லை என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவள் எழுந்ததுமே தானாக மணியை அடிக்கப் பழகிவிட்டார்.

அவள் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்தாக இருக்கும். ஒரு தேநீர்க்கடையின் பலகையில் இருக்கிற 'டீ', ஒரு லயத்து வரிசை வீட்டின் சுவரில் யாரோ பெயின்டால் எழுதிய 'கு', ஆட்டோவின் பின்னால் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டிய 'ம்'. பஸ் போகிற வேகத்தில், நனைந்த கண்ணாடி வழியாக, அது எப்படி அவள் கண்ணில் படும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் எனக்குத் தெரிவதெல்லாம் தேயிலையும் மூட்டமும்தான். அவள் எனக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்த ழ-வப் பாத்தியாடி?" என்று கேட்டு முடிப்பதற்குள் பையைத் தோளில் மாட்டியிருப்பாள்.

நாங்கள் இருவரும் நுவரெலியா டவுனில் ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் கிராஃபிக் டிசைன் டிப்ளோமா படித்தோம். இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் பதினொரு பேர், ஏழு கம்ப்யூட்டர். நான் அட்டனிலிருந்து வருவேன். அவள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வருவாள். மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். திரும்புவோம் என்றா சொன்னேன்? நான் திரும்புவேன். அவள் எங்காவது இறங்குவாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொல்வது விளங்காது. நான் முடிக்கிறவள். எந்த வேலை கொடுத்தாலும் சொன்ன நாளைக்கு முதல்நாளே முடித்து வைத்திருப்பேன். எனக்குப் பிடித்த விஷயம் எழுத்துகளுக்கு நடுவே இருக்கிற வெற்றிடம். கல்யாண அழைப்பிதழ்களைச் சேர்த்துவைத்து, பெண்ணின் பெயருக்கும் மாப்பிள்ளையின் பெயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அளவுகோலால் அளந்து பார்ப்பேன். ஓரங்கள் சமமாக இருந்தால்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வரும். இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து உட்காரவைத்தது யார் என்று நான் பல தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இறங்கிய இடத்தில் அவள் என்ன செய்வாள் என்று பார்ப்பதற்காக ஒருநாள் நானும் கூடவே இறங்கினேன். அது ஒரு சிங்கள முதலாளியின் சில்லறைக்கடை. பலகையில் மூன்று மொழியிலும் பெயர் இருந்தது. அவளுக்கு வேண்டியது தமிழ் வரியின் கடைசியில் இருந்த 'ஸ்'. பையிலிருந்து மெல்லிய தாள் ஒன்றை எடுத்தாள். பேக்கரியில் பாண் சுற்றித் தருகிற தாள்தான், கேட்டு வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். முதலாளி வெளியே வந்து என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். "அகுரக் கன்ன ஆவே" என்றாள் இவள். ஓர் எழுத்து எடுக்க வந்தேன் என்று, ஏதோ ஒரு கிலோ சீனி எடுக்க வந்த மாதிரி. அவர் பலகையை ஒரு தடவையும் இவளை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள், பலகையை மட்டும் வைத்துவிட்டுப் போ என்று சொல்லி, ஏறி நிற்க ஒரு ஸ்டூலும் கொடுத்தார்.

அவள் தாளை எழுத்தின் மேல் வைத்து இடது உள்ளங்கையால் தடவினாள். அப்புறம் பென்சிலைப் படுக்க வைத்து ஓரங்களில் மெதுவாகத் தேய்த்தாள். போனில் படம் எடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடுமே என்றேன். படத்தில் எழுத்து தெரியும், எழுதினவர் தெரிய மாட்டார் என்றாள். பெயின்ட் எந்த இடத்தில் தடித்திருக்கிறது, எந்த இடத்தில் பிரஷைத் தூக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தொட்டால்தான் வரும் என்றாள். எனக்கு அடுத்த பஸ்ஸைப் பற்றித்தான் கவலை. அது முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு அவளோடு இறங்கவே இல்லை.

வகுப்பிலும் அவள் இப்படித்தான். பாடம் எடுக்கிற சேர் நிறங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஒரு லோகோவைப் பாதி செய்துகொண்டிருக்கும்போதே வேறொன்று தொடங்குவாள். பேச்சின் நடுவிலும் இறங்கிவிடுவாள். "நேத்து எங்கம்மா என்னா சொன்னாங்கன்னா" என்று ஆரம்பித்தால் அம்மா என்ன சொன்னார் என்பது அடுத்த வாரம்தான் தெரியவரும்.

முதல் வருடத்தில் தேயிலைப் பக்கெட் ஒன்றுக்கு அட்டை செய்யும்படி சேர் சொன்னார். குறித்த நாளில் எல்லாருடையதையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். ஏழு பேருடைய அட்டையில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழும் ஒரே பெண். இலவசப் படங்கள் கிடைக்கிற தளத்தில் தேடினால் முதலில் வருகிற படம் அதுதான். என்னுடைய அட்டையிலும் அவளே, ஆனால் ஓரங்கள் சமமாக. இவள் எழுந்து போய் அந்த ஏழு பெண்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு, "இந்த அக்கா எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். "கூடைய இவங்க கட்டியிருக்கிற விதமே வேறயா இருக்கே. எங்கம்மா பாத்தா சிரிக்கும்" என்றாள். பதினொரு பேரில் ஒன்பது பேர் தோட்டத்துப் பிள்ளைகள். அம்மா காலையில் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போவதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள். எங்களுக்கே அது தோன்றவில்லை.

அவளுடைய அட்டையில் படம் எதுவும் இல்லை. 'தேயிலை' என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தது, மூன்று எழுத்தும் மூன்று இடத்திலிருந்து எடுத்தவை. ஒன்று குண்டாக, ஒன்று சாய்ந்து, ஒன்று மழையில் வழிந்தபடி. சேர் கொஞ்ச நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது, ஆனால் கடையில் நிற்கிற ஆள் வாசிக்க மாட்டான் என்று சொல்லி, எனக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே புள்ளி போட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்கூட நிற்கவில்லை. தூக்கத்தில்கூட என் கண்முன்னே அந்த மூன்று எழுத்துத்தான் வந்து நின்றது, என் சிரிக்கிற பெண் வரவில்லை.

இரண்டாம் வருடக் கடைசி வேலையை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். அவள் என்னைக் கேட்கவே இல்லை. என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அவள் சேர்த்து வைத்திருக்கிற எழுத்துகளை வைத்துத் தமிழில் ஓர் எழுத்துரு செய்வது. அவள் எடுத்து வருவாள், நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, புள்ளி புள்ளியாக வைத்து, கோடுகளைச் சீராக்க வேண்டும். சேர் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அழிந்து வருகிற மலையக எழுத்துகள் என்று தலைப்பு வைக்கச் சொன்னார். அவள் முகத்தைச் சுளித்தாள். அழியவில்லை சேர், நேற்றுத்தான் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள், பெயின்ட் காயும்வரை நின்று எடுத்துக்கொண்டு வந்தேன் என்றாள். அவளுக்குப் பழசு புதுசு என்ற பேச்செல்லாம் கிடையாது. யாரோ ஒரு ஆள் தன் கையால் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் முதல்முதலாக அவள் வீட்டுக்குப் போனேன். லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை வீடு. எழுத்துகளையெல்லாம் ஓர் உரப் பைக்குள் போட்டு, நனையாமல் இருக்க அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தாள். தாள்களில் எல்லாம் புகை வாசம். அவள் அம்மா எனக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துவிட்டு, மகள் வெளியே போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இவ எதையும் முடிக்க மாட்டாம்மா. ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சா கை ஒன்னோட நின்னுரும். ஒனக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் படிப்ப மட்டுமாவது முடிக்க வச்சிரு."

நான் சரி என்றேன். சும்மா சொல்லவில்லை. எனக்கும் அது முடிந்தாக வேண்டியிருந்தது. கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனியில் என் வேலைகளைப் பார்த்துவிட்டு, டிப்ளோமா முடித்த தாளைக் கொண்டுவந்தால் அடுத்த மாதமே சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் அப்பா என்னைக் கொழும்புக்கு விட மாட்டார். தாள் வர வேண்டுமென்றால் கண்டியில் இருக்கிற தலைமை நிலையத்துக்குப் போய் இரண்டு பேரும் சேர்ந்து வேலையை விளக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் இரண்டு பேருக்கும் அடுத்த வருடம்தான். என் எதிர்காலம் முழுவதும் பாதி வழியில் இறங்குகிற ஒருத்தியின் பையில் இருந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நானுஓயா ஸ்டேஷனில் தேநீர் விற்கிறவருடைய பெட்டியிலிருந்து 'ஓ', ஒரு கோயில் மதிலிலிருந்து 'ஸ்ரீ', கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் கதவிலிருந்து 'நி'. ஒன்று மட்டும் வரவே இல்லை. 'ஞ'.

ஞ கிடைக்காத எழுத்தில்லை. மாதா கோயில்களின் முன்னாலெல்லாம் ஞாயிறு பூசை என்று எழுதித்தான் இருக்கிறது. ஏழெட்டு ஞ-வை எடுத்து வந்து, ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அவளே ஒதுக்கினாள். என்ன குறை என்று கேட்டேன்.

"எல்லாம் பயந்து எழுதினது" என்றாள்.

ஞ-வை அடிக்கடி எழுத வேண்டி வருவதில்லை. அதனால் பிரஷைப் பிடிக்கிறவர்கள் முதல் பாதியைத் தைரியமாகத் தொடங்கிவிட்டு, கீழே வந்து வளைந்து திரும்புகிற இடத்தில் தயங்கிவிடுகிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. அவள் காட்டிய பிறகு பார்த்தால் எனக்கும் தெரிந்தது. ஏழெட்டு ஞ-விலும் அந்த இடத்தில் கோடு மெலிந்து, கொஞ்சம் நடுங்கி, அவசரமாக முடிந்திருந்தது. பயப்படாத ஒரு ஞ எங்கேயோ இருக்கிறது, அது கிடைக்கட்டும் என்றாள். கண்டிக்குப் போக ஒன்பது நாள்தான் இருந்தது.

அவளிடம் சொல்லாமல் நானே ஒரு ஞ வரைந்தேன். மற்ற எழுத்துகளின் தடிப்பை அளந்து, வளைவைக் கணக்காக வைத்து, இரண்டு நாள் செலவழித்துச் செய்தேன். மற்றவற்றோடு சேர்த்து அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் விரல் வரிசையாக நகர்ந்து வந்து அதில் நின்றது.

"இது யாரோடது?"

"என்னோடது."

அவள் கோபப்படவில்லை. தாளைத் திரும்ப என்னிடம் கொடுத்துவிட்டு, "நீயுந்தான் பயந்திருக்க" என்றாள். அன்றைக்கு பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. அவளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, ரதல்லையில் இறங்கிப் போய்விட்டாள்.

கண்டிக்குப் போகிற நாள் வந்தது. அட்டனிலிருந்து நேரே கண்டிக்கு வேறு பாதை உண்டு. ஆனால் அச்செடுத்த பெரிய அட்டைகள் நுவரெலியாவில் இருந்ததால் அங்கே போய் எடுத்துக்கொண்டு, இறம்பொடை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். அந்தப் பாதையில் அவள் அதிகம் போனதில்லை. அதுதான் என் பயம். பழகிய பாதையிலேயே இப்படி இறங்குகிறவள் புதுப் பாதையில் என்ன செய்ய மாட்டாள்? அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, நான் வெளிப்பக்கம் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பையும் காலுக்கு நடுவில் அட்டைகளையும் வைத்து அணை மாதிரி அடைத்துக்கொண்டேன். இன்றைக்கு எதற்காகவும் இறங்கக் கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தேன். அவளும் புதுச் சுடிதார் போட்டு, தலையை அழுத்தி வாரி, நல்ல பிள்ளையாக வந்திருந்தாள்.

இறம்பொடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் முன்னால் போன லொறி நின்றுவிட, எங்கள் பஸ்ஸும் நின்றது. எதிரே மேட்டில் தோட்டத்துச் சின்ன மாதா கோயில் ஒன்று. திருவிழாவுக்காக வேலி மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வெட்டிய கிளைகள் பச்சையாகவே கிடந்தன. அந்த மரங்களுக்குப் பின்னால் அத்தனை நாளாக மறைந்திருந்த சுவர் இப்போது ரோட்டைப் பார்த்து நின்றது. முழ உயர எழுத்தில் நீல நிறத்தில் ஞாயிறு பூசை என்று எழுதியிருந்தது. ஒருவர் ஏணியில் ஏறி, வலது பக்கத்திலிருந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வந்தார். பூசை போய்விட்டது. 'று'வில் பாதி போய்விட்டது.

அவள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளுக்கு முன்னால் ஓர் எழுத்தைப் பார்த்தது நான்தான். அந்த ஞ கீழே வந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளைந்து, ஒரு தயக்கமும் இல்லாமல் திரும்பியிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவள் திரும்பினாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் இங்கன எறங்கிக்கிறேன்."

நான் காலை நகர்த்தவில்லை.

"அஞ்சே நிமிசம்டி. அவரு அடிச்சு முடிச்சிருவாரு. நான் அடுத்த பஸ்ல வந்துருவேன்."

"பதினொன்றரைக்கு நம்ம பேரக் கூப்புடுவாங்க. நீ இல்லாட்டி நான் கொழும்புக்குப் போக ஏலாது. நீ எறங்கினேன்னா இனிமே எங்கூடப் பேசாத."

இதை நான் கத்திச் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். என் முழங்காலைத் தாண்டிப் போவது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. ஜன்னல் வழியாக ஒரு படமாவது எடுத்துக்கொள் என்றேன். போனை எடுத்துப் பிடித்தாள். அதற்குள் ஏணியை இடது பக்கம் நகர்த்தியிருந்தார்கள், சுண்ணாம்பு அடிக்கிறவருடைய முதுகுதான் படத்தில் விழுந்தது. லொறி நகர்ந்தது, பஸ்ஸும் நகர்ந்தது. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டியில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு வாக்கியத்தைக்கூட விட்டுவிட்டு ஓடாமல் முழுதாகச் சொன்னாள். அவர்களில் ஓர் அம்மா எழுந்து வந்து, அட்டையை நெருக்கமாகப் பார்த்து, வேறு வழியில்லாமல் போட்டிருந்த என் ஞ-வின் மேல் விரலை வைத்தார். எல்லாவற்றிலும் இதுதான் மிகவும் சுத்தமாக இருக்கிறது என்றார். இது எந்தச் சுவரில் கிடைத்தது என்றும் கேட்டார். நான் அட்டையின் ஓரத்தை நேராக்கினேன். அவள்தான், "அது இவ போட்டதுங்க மெடம்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பி வருகிறபோது அவள் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளிப்பக்கம் உட்கார்ந்தாள். அந்த வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளையாக, வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

அடுத்த மாதம் நான் கொழும்புக்குப் போனேன். இப்போது நான்கு வருடமாகிறது. அவள் அட்டனில் பேனர் அடிக்கிற கடையொன்றில் சேர்ந்தாள். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் வேட்பாளர்கள். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற எழுத்துகளை வைத்துத்தான் எல்லாமே. நேரத்துக்குப் போகிறாள், நேரத்துக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். போன தைப்பொங்கலுக்கு அட்டன் டவுனில் அவள் அம்மாவைக் கண்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னாலதாம்மா அவ உருப்பட்டா. இப்பல்லாம் எங்கயும் எறங்குறதில்ல, நேரா வீடுதான்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

நான் எழுத்தைப் பார்க்கிறபோதெல்லாம் இப்போது ஞ-வைத்தான் தேடுகிறேன். கொழும்பில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகளில் நானே ஞ போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கீழ் வளைவுக்கு வந்ததும் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது. வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிகிறது, அது போதும் என் நாளைக் கெடுக்க.

போன மாதம் கம்பெனி வேலையாக நுவரெலியாவில் ஹோட்டல்காரர்கள் சிலரைப் பார்க்க வேண்டியிருந்தது. கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். மூன்று மணிக்குச் சந்திப்பு, நேரம் தாராளமாக இருந்தது. இறம்பொடையைத் தாண்டி அந்த வளைவு வந்தது. சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நான்கு வருட மழையில் சுண்ணாம்பு ஊறி உதிர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து நீலம் வெளியே வந்துகொண்டிருந்தது. முதல் எழுத்துத்தான் நன்றாகத் தெரிந்தது.

மணியை அடித்தேனா, கத்தினேனா என்று ஞாபகமில்லை. ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன், பஸ் போய்விட்டது. வளைவுக்கு அப்பால் இருந்த பேக்கரியில் நான்கு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்ன வேண்டும் என்று கேட்டார். "ஒரு எழுத்து எடுத்துட்டுப் போறேங்க" என்று என் வாயிலிருந்தே வந்தது. அவர் மேலே எதுவும் கேட்காமல் தாள் பறக்காமல் இருக்க ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் செய்வதைப் போலவே உள்ளங்கையால் தடவினேன். முதல் பாதி வழவழப்பாக இருந்தது. கீழே வளைவுக்கு வந்ததும் விரலில் என்னவோ தட்டியது. குனிந்து பார்த்தேன். நீலத்துக்குக் கீழே சுவரின் நிறத்திலேயே ஒரு பூச்சு, அதற்கும் கீழே இன்னொரு நீலம், அதற்கடியில் மறுபடி ஒரு பூச்சும் நீலமும். எழுதினவர் அந்த வளைவை ஒரு தடவை போட்டு, பிடிக்காமல் அழித்து, இன்னொரு தடவை போட்டு, அதையும் அழித்து, மூன்றாவதாகத்தான் இப்படிக் கொண்டுவந்திருக்கிறார். நடுக்கமெல்லாம் அடியில் இருந்தது. ரோட்டில் நிற்கிற யாருக்கும் அது தெரியாது.

ஹோட்டல்காரர்களிடம் நாற்பது நிமிடம் பிந்திப் போய் நின்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. வேலை முடிந்து நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நின்று அவளுக்கு போன் எடுத்தபோது அவள் அட்டனிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். எதற்கு எடுத்தேன் என்று கேட்டாள். அந்த ஞ கிடைத்துவிட்டது என்றேன். அவளுக்கு எந்த ஞ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடியில் இரண்டு பூச்சு இருப்பதையும், மூன்று தடவை எழுதியிருப்பதையும் சொன்னேன். "அதுவும் பயந்து எழுதினதுதான்டி" என்றேன்.

நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். அன்றைக்கு உன்னை இறங்க விட்டிருக்க வேண்டும் என்றேன்.

"நீயா விடல?" என்றாள் அவள். "நீ என்னா, என் கையக் காலக் கட்டியா வச்சிருந்த? எனக்கும் அந்த டிப்ளோமாத் தாளு வேணும்போல இருந்துச்சுடி. எறங்கினா ஃபெயிலாயிருவேன்னு பயந்தேன். அத யாருகிட்டயும் சொல்லல. நீ புடிச்சு வச்சேன்னு எல்லாரும் நெனைக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஞ-வை எடுத்த தாளைக் கையில் இன்னும் இறுக்கமாகச் சுருட்டினேன். அவள் திடீரென்று, "மூனு தடவையா?" என்று கேட்டாள். ஆமாம், மூன்று தடவை என்றேன். "மொத ரெண்டும் எப்பிடி இருக்கு?" என்றாள். சரியாகத் தெரியவில்லை, நீ வந்து தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்து, "எங்கம்மா நேத்து" என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

"இரு. நான் இங்கன எறங்கிக்கிறேன்."

பஸ்ஸின் மணி ஒரு தடவை அடித்தது, உடனே இன்னும் இரண்டு தடவை. அதோடு போன் நின்றுவிட்டது. மணி ஐந்தரை. அட்டனிலிருந்து புறப்பட்ட பஸ் அந்த நேரத்துக்கு எங்கே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய ஹோல்ட்டுக்கு இன்னும் நான்கு மைல் இருந்தது.